வாய்ப்புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதா? கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவின் இடது கன்னத்துக்கு உள்ளே வந்த புண்ணுக்கு இரண்டு மாதம் ஜெல் தடவினோம். கடைவாய்ப் பல் குத்துகிறது என்று சொன்னார்கள், நம்பினோம். முப்பது வருஷம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய் அது, எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். ரிப்போர்ட் கைக்கு வந்ததிலிருந்து கடைசிக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும் வரை ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் அதிகம் நின்றது ஜெராக்ஸ் கடையிலும் மிக்ஸி முன்னாலும்தான். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மூன்று வாரமாவது மிச்சமாகியிருக்கும். அப்பா உடம்பில் நாலு கிலோவும் தங்கியிருக்கும்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று எதில் வந்திருந்தாலும் கீழே இருப்பதில் பெரும்பகுதி பொருந்தும். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். அது நடுவில் நிற்காமல் முடிய வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியதைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, சந்தேகம் வந்தால் வார்டு நர்ஸிடம் கேளுங்கள். டாக்டரைவிட அவர்களுக்கு நேரம் இருக்கும்.

1. சதைப் பரிசோதனை: ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்குங்கள்

மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, விடாத குரல் கம்மல், ஒரு பக்கம் மட்டும் காது வலி. இதில் ஏதாவது இருந்தால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். பல் ஆடுகிறது என்று அவசரப்பட்டுப் பிடுங்க விடாதீர்கள், முதலில் சதைப் பரிசோதனை.

முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். நான் செய்த முதல் தப்பு, ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தது. பெரிய மருத்துவமனையில் தங்கள் ஆய்வகத்திலேயே ஒருமுறை பார்ப்பார்கள். அதற்குச் சதை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் வேண்டும். அவை இல்லாததால் மறுபடி எண்பது கிலோமீட்டர் போய் வந்தேன். வாங்கும்போது கையெழுத்துக் கேட்பார்கள், போடுங்கள். ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள். அறுவை சிகிச்சை செய்பவர் சிடியைத்தான் பார்ப்பார்.

2. காப்பீட்டு அட்டை: அட்மிஷனுக்கு முன்னால்

தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் முதல் கதவு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அறுவை சிகிச்சை, கரண்ட், கீமோ மூன்றும் இதில் வரும்.

ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று, மூன்றிலும் அசலும் நகலும் கொண்டுபோங்கள். கலெக்டர் அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது, அங்கேதான் பதிவு. ரேஷன் அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒன்றா என்பதை இன்றைக்கே பாருங்கள். எங்கள் ரேஷன் அட்டையில் அப்பாவின் இனிஷியல் மாறியிருந்தது, அதற்கே ஒன்பது நாள் போனது. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பிடிக்க வேண்டும். அவர் கிராமத்தில் இருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. முதலில் கையிலிருந்து கட்டிவிடுவோம், அட்டை வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. இந்தத் திட்டத்தில் மருத்துவமனை முன் அனுமதி வாங்கி, பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். நீங்கள் கட்டிய ரசீதைக் காட்டிப் பணம் கேட்கும் வழி கிடையாது. அதோடு, மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேஜையில் இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டால் அரசு மருத்துவமனையோ அடையாறு புற்றுநோய் மையம் போன்ற அறக்கட்டளை நிறுவனமோதான் கட்டுப்படியாகும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டின் அசல், வருமானச் சான்று, புகைப்படம் வேண்டும். இதுவும் செலவுக்கு முன்னால் கேட்க வேண்டியதுதான், கட்டி முடித்த பில்லுக்குத் தர மாட்டார்கள்.

3. பல் டாக்டர்

இதைத் தனித் தலைப்பாகப் போடக் காரணம், எங்களுக்கு இது கடைசியில்தான் தெரிந்தது. தாடைக்குக் கரண்ட் வைத்த பிறகு அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் பல் பிடுங்கினால் குழி ஆறாது, எலும்பே செத்து உதிரும் நிலை வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். அதனால் காப்பாற்ற முடியாத பற்களைக் கரண்ட் ஆரம்பிக்க இரண்டு வாரத்துக்கு முன்பே எடுத்து, குழி ஆற விட வேண்டும். தேதி குறிக்கும் முன் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போகும்.

4. அறுவை சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கன்னம், நாக்கு, தாடை எலும்பில் எவ்வளவு எடுப்பார்கள்? அந்த இடத்தை எங்கிருந்து சதை எடுத்து மூடுவார்கள்? (மார்பு, முன்கை, கெண்டைக்கால் எலும்பு என்று ஆளுக்கு ஆள் மாறும். எங்களுக்கு மார்பிலிருந்து.) தொண்டையில் துளை போடுவார்களா, எப்போது மூடுவார்கள்? பேச்சு எப்படி இருக்கும்? எத்தனை நாள் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நேரில் நின்றால் எல்லாம் மறந்துவிடும்.

கழுத்தில் கட்டியே தெரியவில்லை, அங்கே ஏன் கிழிக்கிறார்கள் என்று எங்கள் சித்தப்பா சண்டைக்குப் போனார். கண்ணுக்குத் தெரியாமல் நெறிக்கட்டிகளில் நோய் இறங்கியிருக்கலாம். மும்பை டாடா மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நிலை வாய்ப்புற்றுநோய்க்காரர்களில் முதலிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டவர்களில் மூன்றாண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பின்னால் கட்டி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்தான். சித்தப்பா அடங்கியது இந்தக் கணக்கைக் கேட்டுத்தான்.

"எத்தனை வருஷம் இருப்பார்?" என்ற கேள்வியை அப்பா முன்னால் கேட்க வேண்டாம். ஆனால் யாராவது ஒருவர் தனியாகக் கேட்டுவிடுங்கள். நோய் எந்த நிலை, குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சையா, வலியைக் குறைக்கும் நோக்கிலா என்று நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்கள். நிலத்தை விற்பதா வேண்டாமா என்ற முடிவெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

தொண்டையில் துளை போட்டிருந்தால் பேச்சு வராது. ஒரு சிலேட்டு வாங்கி வையுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் தண்ணீர், வலி, சளி, கழிப்பறை என்று நாலு படம் வரைந்த அட்டை போதும். சளி உறிஞ்சும் வேலையையும் குழாய் கழுவும் வேலையையும் வார்டில் இருக்கும்போதே இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கற்றால் அவர் தூங்கவே முடியாது.

5. கரண்ட்: தேதிகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள்

ஊரில் கரண்ட் வைப்பது என்போம், ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு, ரேடியேஷன் என்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் 30 முதல் 33 முறை, அறுவை இல்லாமல் இதுதான் முழுச் சிகிச்சை என்றால் 35 முறை வரை. திங்கள் முதல் வெள்ளி, தினமும் ஒரு முறை. படுக்கையில் இருப்பது கால் மணி நேரம்தான். போக, வர, காத்திருக்க அரை நாள் போய்விடும்.

அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பித்துவிட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அறுவையில் எடுத்த சதையின் ரிப்போர்ட், முக்கியமாக எலும்பு சேர்ந்திருந்தால், இரண்டு வாரம் பிடிக்கும். அப்புறம் கரண்ட் வைக்கும்போது முகம் அசையாமல் இருக்க வலை மாஸ்க் அச்செடுத்து, ஸ்கேன் பார்த்து, திட்டம் போட இன்னொரு வாரம். இடையில் பல் வேலை. ஆறு வாரம் எப்படிப் போகும் என்று தெரியாது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ரேடியேஷன் பிரிவில் தேதி வாங்கிவிடுங்கள்.

ஆரம்பித்த பிறகு ஒரு நாள்கூட விடக்கூடாது. இந்த நோயில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனாலும் கட்டி அடங்கும் வாய்ப்பில் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். நாள் இடைவெளியில் புற்றணுக்கள் வேகமாகப் பெருகுவதுதான் காரணம். பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. நான் ஒருவன்தான் மறுத்தேன், இன்னும் அந்தப் பக்கத்தில் என்னோடு பேசவில்லை. சரி, போகட்டும். மெஷின் ரிப்பேர், அரசு விடுமுறை என்று அவர்கள் பக்கம் நாள் போனால் சனிக்கிழமையோ, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறையோ வைத்து ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கூடவே கீமோ இருந்தால் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வாராவாரமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ ஏறும். அதற்கு முந்தைய நாளே ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிறுநீர் குறைந்தாலும் காதில் இரைச்சல் கேட்டாலும் அடுத்த டோஸுக்கு முன் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அன்று இரவே போங்கள்.

கழுத்துத் தோல் கறுத்து உரியும். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் அவர்களைக் கேட்காமல் தடவாதீர்கள். பிளேடு போட்டு ஷேவ் செய்யக் கூடாது. காலர் இல்லாத பருத்திச் சட்டை நாலு தைத்துக்கொள்ளுங்கள். புகையிலை, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. கரண்ட் நடக்கும்போது புகைப்பவர்களுக்குக் கரண்ட் சரியாக வேலை செய்வதில்லை.

6. எடையும் மூக்குக் குழாயும்

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்க வெந்துபோகும். எச்சில் நூலாக இழுக்கும், ருசி போய்விடும், சாப்பாட்டைப் பார்த்தாலே அழுகை வரும். எடை இறங்க ஆரம்பிப்பது அப்போதுதான். எடை ரொம்ப இறங்கினால் முகம் ஒடுங்கி, அளவெடுத்துச் செய்த மாஸ்க்கே தொளதொள என்று ஆகிவிடும். அப்புறம் திரும்ப ஸ்கேன், திரும்பத் திட்டம், திரும்ப நாள் வீண்.

வாரம் ஒரு நாள், ஒரே எடை மெஷினில், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் மூக்குக் குழாய் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். அப்பா "குழாய் போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று பத்து நாள் பிடிவாதம் பிடித்தார். அந்தப் பத்து நாளில்தான் நாலு கிலோ போனது. பக்கத்துக் கட்டில்காரர் குழாயோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

55 கிலோ ஆளுக்கு நாளைக்கு 1,700 முதல் 1,900 கலோரி, 70 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று எங்கள் உணவு நிபுணர் எழுதிக் கொடுத்தார். வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் இது நடக்காது. நாங்கள் போட்ட கணக்கு: சத்துமாவுக் கஞ்சி பாலில் காய்ச்சி ஒரு ஸ்பூன் எண்ணெய், வேகவைத்த முட்டை சேர்த்து அரைத்த பருப்புத் தண்ணீர், வேர்க்கடலைப் பால், மோர், இடையில் புரத மாவு. எல்லாவற்றையும் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு, டீ வடிகட்டியில் வடிகட்டி, 200 மில்லி வீதம் ஏழெட்டுத் தடவை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊற்றும் முறைதான் முக்கியம். நோயாளி சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. மூக்கு ஓரத்தில் குழாயில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, ஊற்றும்போது இருமினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தால் ஆபத்து. ஊற்றும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் 30 மில்லி விட்டால் அடைக்காது. எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று மருந்தாளுநரிடம் ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய் இருந்தாலும், மருத்துவர் தடுக்காத வரை, வாய் வழியாகத் தினமும் கொஞ்சமாவது விழுங்க வேண்டும். பல வாரம் விழுங்காமல் விட்டால் தொண்டைத் தசை வேலையை மறந்துவிடும்.

7. வாய் கழுவுவது, வலி மருந்து

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. விழித்திருக்கும் நேரம் முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஆல்கஹால் கலந்த கடை மவுத்வாஷ் வேண்டாம், எரியும். நாக்கில் தயிர்போல் வெள்ளை படிந்தால் அது பூஞ்சை, மருந்து இருக்கிறது, காட்டுங்கள்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கச் சொல்லாதீர்கள். மார்ஃபின் என்ற வலி மருந்தைச் சொன்னதும் பயந்தோம். அளவோடு கொடுத்த மார்ஃபினால்தான் அப்பா விழுங்கினார், தூங்கினார், மறுநாள் கரண்டுக்கு வந்தார். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கூடவே எழுதி வாங்குங்கள்.

8. பயிற்சி: ஐஸ்கிரீம் குச்சி

சாதாரணமாக வாயில் மூன்று விரல் போகும். அறுவைக்கும் கரண்டுக்கும் பிறகு தாடைத் தசை இறுகி ஒரு விரல் போவதே கஷ்டமாகிவிடும். தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சி கூட்டுவதுதான் பயிற்சி. நாளைக்கு ஐந்து தடவை. எத்தனை குச்சி போனது என்று காலண்டரில் எழுதினால் ஏறுகிறதா இறங்குகிறதா தெரியும். பல் எடுத்த, தாடை வெட்டிய இடத்தில் எப்படி வைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிய பிறகே ஆரம்பியுங்கள்.

கழுத்தில் அறுவை ஆனவர்களுக்குத் தோளும் தூக்க வராது. அதற்கும் பயிற்சி உண்டு. விழுங்கவும் பேசவும் கற்றுத் தருபவர் மருத்துவமனையில் இருந்தால் கரண்ட் ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

9. மனசு

மருத்துவர்களிடம் இந்த நோய்க்கென்றே 35 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கிறது. வலி, விழுங்குவது, ருசி, பேச்சு, வாய் வறட்சி என்று போகும். நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடச் சங்கடமா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. அப்பா அந்தக் கேள்விக்குத்தான் தலையைக் குனிந்தார். அதுவரை எனக்குத் தெரியாது, அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தது எச்சில் வழிவதை மருமகள் பார்க்கக் கூடாது என்பதற்காக. பேச மறுப்பது, தூங்காமல் இருப்பது, "எதுக்கு இந்தச் செலவு" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, இவை தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்ளும் நீங்களும் பேசலாம்.

10. அட்டை தாங்காத செலவு

அட்டை இருந்தாலும் பயணம், தங்கும் அறை, குழாய், சிரிஞ்சு, புரத மாவு எல்லாம் கைக்காசு. எங்களுக்கு ஆறு வாரக் கரண்டுக்கு மட்டும் இந்த வகையில் அறுபதாயிரம் தாண்டியது. அதில் பாதி அறை வாடகை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறக்கட்டளைத் தங்குமிடம் இருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள், நாங்கள் நாலாவது வாரம் கேட்டோம்.

ரயிலில் போவோர், மருத்துவமனை தரும் சலுகைப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். வருமான வரி கட்டும் மகனோ மகளோ பழைய வரிமுறையில் இருந்தால், சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம் வரையும் கழிவு கேட்கலாம். நிபுணரின் மருந்துச் சீட்டும் ரசீதுகளும் வேண்டும்.

11. கரண்ட் முடிந்த பிறகு

கடைசி நாள் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த இரண்டு வாரம்தான் இருப்பதிலேயே மோசம். வேதனை உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும். குழாயை எடுக்க அவசரப்படாதீர்கள், உப்பு, சோடாத் தண்ணீரில் கொப்பளிப்பதை நிறுத்தாதீர்கள். ருசி திரும்பப் பல மாதம் ஆகும். வறட்சி சிலருக்கு முழுதாகப் போவதில்லை, தண்ணீர் பாட்டில் கையோடு இருக்க வேண்டும்.

திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான் வருகிறது. அதனால் முதல் வருஷம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூட்டி, ஐந்து வருஷம் வரை காட்டச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறார் என்பதற்காக ஒரு முறையைக்கூட விடாதீர்கள். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு சுரப்பது குறையலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அப்பா எப்போதும் அசந்து கிடந்ததை வயசு என்று விட்டுவிட்டோம். தைராய்டு என்று எட்டாவது மாதம்தான் தெரிந்தது.

சிகிச்சைச் சுருக்கம் என்று ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். என்ன அறுவை, எத்தனை முறை கரண்ட், எவ்வளவு அளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். லேமினேட் செய்யுங்கள். "தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டுள்ளது, கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது" என்று சின்ன அட்டையில் எழுதி அப்பா சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். போன மாதம் ஊர்ப் பல் டாக்டரிடம் அவராகவே எடுத்து நீட்டினாராம்.